கடைமடைக்கும் பாயும் கால்பந்து

கேள்வி: ஜப்பானைப் போல இந்தியாவிலும் கால்பந்து அணிகள் கீழ்ப்பிரிவிலிருந்து மேலேற முடியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கீழ்ப்பிரிவில் வென்ற அணி மறு பருவத்தில் மேற்பிரிவில் ஆடுவது தரமுயர்வு எனப்படும். ஜப்பானின் மச்சிடா செல்வியா 2023இல் இரண்டாம் பிரிவை வென்று முதற்பிரிவை எட்டியது இம்முறையில்தான். தமிழகத்தின் சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் ஒரு கோல் பின்தங்கியும் 3-1 என மீண்டு வென்று, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம் பெற்றது. ஆயினும் தரமுயர்வு அப்போது நடைமுறையில் இல்லாததால் அவ்வெற்றி ஐ.எஸ்.எல். எனும் முதன்மைத் தொடருக்கு வழி திறக்கவில்லை. அன்று தோற்ற மினர்வாவே, பின்னர் பஞ்சாப் எஃப்.சி. எனப் பெயர் மாறி, 2023இல் ஐ-லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல். தொடருக்குத் தரமுயர்ந்த முதல் அணியாயிற்று. மடை திறந்தால்தான் கடைமடை வயலும் விளையும். கால்பந்துக்கும் அதுவே விதி.