கிட்டார் கைவர: பிறவி ஞானமா, பழக்கமா?

பினாங்கில் மலாய் இசைக் கலைஞர் பி. ரம்லியின் பேச்சு வந்தாலே, "அவருக்கு இசை பிறவியிலேயே வந்தது" என்பார்கள். 1929இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த அவரும் முதலில் உகுலேலேதான் பிடித்தார். கிட்டாரும் வயலினும் அப்புறம்தான். காது கூர்மையாக இருந்தால் சுருதி சீக்கிரம் பிடிபடும், உண்மை. ஆனால் விரல் நுனி காய்க்க எவருக்கும் சில வாரமாகும்.

ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 15 நிமிடம் மேல். படுத்துவது கார்ட் மாற்றம்தான். ஜி-யிலிருந்து சி-க்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாறுகிறீர்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்துத் தொடங்குங்கள். பிசகாமல் வந்த பிறகே 65. அவசரப்படுகிறவர் தவறைத்தான் நன்றாகப் பழகிக்கொள்கிறார்! விரல் வலி தாங்காவிட்டால் நைலான் தந்திக் கிட்டார் போதும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். ஆனால் கிட்டாரை உறையோடு அலமாரிக்குள் தள்ளிவிடாமல், தினமும் எடுக்கத் தோன்றும்படி கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.