ஏர்ஃபைபர் ஆள் வர்றதுக்கு முன்னாடி, தங்கச்சிக்கு

புது வீட்டுக்கு ஏர்ஃபைபர் போடப்போறேன்னு சொன்னே. நல்லது. டவர்ல இருந்து 5ஜி-யிலயே வர்ற இன்டர்நெட்டுங்கிறதால, கேபிள் உங்க தெருவுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 19-ல ஜியோ இதை ஆரம்பிச்சப்ப 8 நகரத்துலதான் இருந்தது, நம்ம மாநிலத்துல சென்னை மட்டும். இப்ப ஒட்டன்சத்திரத்துலயே கிடைக்குதுன்னா பயன்படுத்திக்க வேண்டியதுதான்.

எல்லாத்தையும் தீர்மானிக்கிறது மொட்டை மாடியில வைக்கிற ஆன்டெனாதான். 5ஜி-யோட 3500 மெகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும், அதனாலதான் பெட்டியை வெளிய வைக்கிறாங்க. தண்ணித் தொட்டியும் தென்னை மட்டையும் டவரை மறைக்காத இடமா பாரு. வர்ற ஆளு வசதியான மூலையில ஓட்டை போடப் பார்ப்பாரு. விடாதே. ரெண்டு மூணு இடத்துல கையில பிடிச்சு சிக்னல் பார்த்துட்டு அப்புறம் துளை போடச் சொல்லு. நம்ம ஊரு ஆடிக்காத்து தெரியும்ல? கிளாம்பு அசையாம இருக்கணும், கொஞ்சம் திரும்பினாலும் வேகம் இறங்கிரும்.

அடுத்தது கரண்ட். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே 48 வோல்ட் வந்துடும், வீட்ல கரண்ட் போனாலும் போன் பேசும். இதுல அப்படி இல்ல. ஆன்டெனா, ரவுட்டர் ரெண்டுல எது அணைஞ்சாலும் நெட்டோட சேர்ந்து அது வழியா பேசுற வீட்டுப் போனும் போச்சு. ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கிற பாயின்ட்ல மாட்டு. இன்வெர்ட்டர் இல்லேன்னா ரவுட்டர் யூபிஎஸ் வாங்கு, ஆனா அடாப்டர்ல போட்டிருக்கிற வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்கு. மாசாந்திரப் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிறுத்துற நாளுக்கு அந்தச் சின்னப் பெட்டி தாங்காது. அன்னைக்கு அத்தை கையில சார்ஜ் போட்ட செல்போன் இருக்கட்டும்.

அத்தைக்குப் பழகினது பட்டன் வச்ச பழைய லேண்ட்லைன் போன்தானே, அதைத் தூக்கிப் போட்டுடாதே. ரவுட்டர் பின்னால போன் ஒயர் சொருகுற துளை இருக்கான்னு முன்கூட்டியே கேளு. இருந்தா அதுலயே மாட்டிக்கலாம்.

ரவுட்டரை டிவி ஷோகேஸ்குள்ள ஒளிச்சு வைக்காம ஹால் நடுவுல, நெஞ்சு உயரத்துல வை. வைஃபை-ல உள் ரூமுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்துல இருக்கிற டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ். பெட்டி அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்திடு.

பெரிய பிளானுக்கு அவசரப்படாதே. 30 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 4 எம்பி-க்குக் கொஞ்சம் கம்மி, ஒரு டிவிக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் போதும். 599 ரூபாய் பிளான்னா 18% ஜிஎஸ்டி சேர்த்து 707 ஆகும். ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா பொருத்துற காசு இல்லேம்பாங்க. எனக்கு அதுல சம்மதமில்ல. அந்த மாடியில சிக்னல் எப்படி நிக்குதுன்னு ஒரு மழையும் காத்தும் பார்த்துட்டு அப்புறம் கட்டு.

பொருத்தி முடிச்சதும், வேலை முடிஞ்சதுன்னு காட்ட ஓடிபி கேட்பாங்க. உடனே சொல்லாதே. அத்தையை விட்டு, காய்கறி மார்க்கெட்ல இருக்கிற மாப்பிள்ளைக்கு அந்தப் போன்லயே பேசிப் பார்க்கச் சொல்லு. குரல் விட்டு விட்டுக் கேட்டா ஆளை மறுபடி மாடிக்கு அனுப்பு.