தெருக்குழாயில் அண்டை வீட்டாரின் உரிமை



மதீனாவில் ஹர்ரா பகுதியிலிருந்து வரும் வாய்க்கால் நீரைப் பேரீச்சந் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் வழக்கு வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல்மடையில் இருந்தது. அவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை வீட்டாருக்கு நீரைத் திறந்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. புகாரியில் இது பதிவாகியுள்ளது. மேல்மடைக்காரருக்கு முந்தும் உரிமை உண்டு. கடைமடைக்காரரின் பங்கைப் பறிக்கும் உரிமை இல்லை.

இன்று அந்த வாய்க்கால் நம் தெருவுக்கு அடியில் குழாயாக ஓடுகிறது.

குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். வெளி அழுக்கு உள்ளே வராது. நீர் நின்று குழாய் காலியானதும் நிலைமை தலைகீழாகிறது. அருகில் ஊறிக்கிடக்கும் சாக்கடை நீர் அதே விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது. மறுமுறை தண்ணீர் விடும்போது அதுதான் முதலில் நம் குடத்துக்கு வருகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், தண்ணீர் வரும் நேரத்திலேயே இந்தக் கேடு நடக்கும். கடைசி வீடுகளுக்குத் தண்ணீரும் போகாது. சென்ற மழைக்காலத்தில் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்தவர்களில் வயிற்றுப்போக்கால் வாடிய பிள்ளைகளின் தாய்மார்களும் இருந்தனர். அவர்கள் பெரும்பாலும் தெருக்கோடி வீட்டுக்காரர்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம் அறக்கட்டளைக் கட்டடத்திலும் அப்படி ஒரு மோட்டார் இருந்தது. அதை இப்போது அகற்றிவிட்டோம்.

"ஏரியில் தண்ணீர் இல்லை, என்ன செய்வது?" என்று கேட்கலாம். கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைப் பாருங்கள். போரால் சீரழிந்த அந்நகரில் 1993-ல் சுத்திகரித்து அனுப்பிய நீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டு இணைப்புகளிலும் போனது. நாளுக்குச் சுமார் 10 மணி நேரமே தண்ணீர் வந்தது. குடிநீர் வாரியத்தின் பொறுப்பேற்ற ஏக் சோன் சான் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தினார். பழைய குழாய்களை மாற்றினார். கள்ள இணைப்புகளைத் துண்டித்தார். அரசு அலுவலகமானாலும் இராணுவ அதிகாரியானாலும் கட்டணம் கட்ட வேண்டும் என்றார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் தந்தார். நகரைப் பகுதிகளாகப் பிரித்து நீரோட்டத்தை அளந்தார்கள். ஊர் உறங்கும் நள்ளிரவிலும் ஒரு பகுதிக்குள் நீர் ஏராளமாய்ப் போனால், அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். அதைத் தேடி அடைக்க ஆட்கள் இரவும் பகலும் தயாராக இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. தெருக்குழாயிலிருந்து மோட்டாரை எடுத்துவிடுங்கள். நீர் தானாகத் தரைத்தொட்டியில் விழட்டும்; அங்கிருந்து மாடித் தொட்டிக்கு மட்டும் மோட்டார் போடுங்கள்.

2. உங்கள் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் கிடக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்திருந்தால் மாற்றி, சாக்கடைக்கு மேலாகக் கொண்டுவாருங்கள். செலவுக்கு வசதியில்லாதவர்கள் அறக்கட்டளையை அணுகலாம்.

3. இஷாவுக்குப் பின் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். சுபுஹுக்கு எழும்போது மட்டம் இறங்கியிருந்தால் வீட்டில் கசிவு உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஆக, ஆறு பேரின் உளூ நீர் வீணாகிறது.

4. தெருவில் கசிவு கண்டால் இடத்தையும் தேதியையும் எழுதி, நகராட்சியில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.

5. குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

கிணறு வெட்டிக் கொடுப்பதை ஸதகா ஜாரியா என்று அறிந்திருக்கிறோம். இருக்கும் நீர் கடைசி வீடு வரை தூய்மையாகப் போய்ச் சேர உழைப்பதற்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு என நம்புவோம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் நல்லவர்களாக நம்மை அவன் ஆக்குவானாக. ஆமீன்.