மரம் அறுக்கும் மிஷினுக்கு 2டி ஆயில்: எதை வாங்குவது, எப்படி வைப்பது

மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் செயின் சா தினமும் ஓடும். தோப்புக்காரர் வீட்டில் அப்படியில்லை. பட்டுப்போன தென்னை, காற்றில் சாய்ந்த வேம்பு, வேலியோரச் சீமைக் கருவேலம் என்று வருடத்தில் சில நாள்தான் அதற்கு வேலை; மீதி நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும். 2018-இல் கஜா அடித்ததுபோல ஒரு புயல் அடித்து, வாசலில் மரம் விழுந்து கிடக்கும் காலையில் மிஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. பெரும்பாலும் கோளாறு மிஷினில் இருக்காது, போன சீசனில் டேங்க்கில் விட்டுவைத்த பெட்ரோல்-ஆயில் கலவையில் இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் இப்படி எப்போதாவது மிஷினை எடுப்பவருக்குத்தான்.

பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவருக்கு 2டி ஆயில் புதிதில்லை. செயின் சாவில் இருப்பதும் அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான்; இதில் ஆயிலுக்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டன், சிலிண்டர், பேரிங் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து சைலன்சர் வழியாக வெளியேறும். செயின் சா சுமையில்லாமல் முழு வேகத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். மொபெட் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் ஆயிலில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அது பிஸ்டனில்தான் போய் முடியும்.

முதல் வேலை, டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிப்பது. ஜாசோ என்ற ஜப்பானியத் தர முத்திரையைத் தேடுங்கள். அதில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று படிகள் உண்டு. எஃப்சி என்றால் புகை குறைவு. எஃப்டி என்றால் அதோடு கரி படியாமல் சுத்தமாக வைக்கும் திறனும் கூடுதல். ஐஎஸ்ஓ முறையில் எழுதியிருந்தால் ஈஜிடி என்பது எஃப்டிக்கு இணையானது. கிடைத்தால் எஃப்டி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எஃப்சி போதும். எஃப்பி-யைச் செயின் சாவுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆயில் பச்சையா, சிவப்பா, நீலமா என்பதைப் பார்க்கவே வேண்டாம். பெட்ரோலில் கலந்துவிட்டோமா என்று கண்ணுக்குத் தெரிவதற்காகச் சேர்த்த சாயம் அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாகை, ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகு இன்ஜினுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயிலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு ஏற்றது. செயின் சா காற்றால் குளிர்வது, சூடு அதிகம். அந்தச் சூட்டைப் படகு ஆயில் தாங்காது. பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலையும் பெட்ரோலில் கலக்காதீர்கள். எரிந்த பிறகு சாம்பல் விடும், பிளக்கையும் போர்ட்டையும் அடைக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. செயின் சாவில் இரண்டு மூடிகள் இருக்கும். பெட்ரோல் பங்க் படம் உள்ள மூடிக்குள் 2டி கலந்த பெட்ரோல். சங்கிலிப் படமோ சொட்டுப் படமோ உள்ள மூடிக்குள் செயினுக்குப் போகும் ஆயில். அது வேறு சரக்கு, பிசுபிசுப்பாக இருக்கும். அதில் வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கழிவு ஆயிலில் இருக்கும் இரும்புத் துகள் சின்ன ஆயில் பம்பை அடைத்துவிடும், அறுக்கும்போது முகத்திலும் கையிலும் தெறிக்கும். காசு மிச்சம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? சின்ன டப்பாவாக. லிட்டர் கணக்கில் வாங்கினால் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் எரிப்பவருக்கு 50:1 கணக்கில் வேண்டியது நூறு மில்லி ஆயில்தான். மீதியைத் திறந்த டப்பாவில் வருடக்கணக்கில் வைத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

விகிதத்தை மிஷினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. ஒரே மிஷினுக்கு இரண்டு விகிதம் போட்டிருப்பதும் உண்டு. ஸ்டில் கம்பெனியின் பல மாடல் கையேடுகளில் தங்கள் ஆயிலுக்கு 1:50, மற்ற கம்பெனிகளின் ஆயிலுக்கு 1:25 என்று எழுதியிருப்பார்கள். ஆயிலைக் கூட்டினால் இன்ஜினுக்கு நல்லது என்ற நினைப்பில் இஷ்டத்துக்கு ஊற்றுவதும் தப்பு. பிளக் கறுத்து ஈரமாகும், சைலன்சரில் கரி அடையும். குறைந்தாலோ பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், பிறகு லேத் பட்டறைதான்.

அளக்க மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூடியால் அளப்பதெல்லாம் கண் மதிப்புக் கணக்கு. பெட்ரோலுக்கான கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அடுத்து ஆயில், மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆயிலை முதலில் ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு கரையத் தாமதமாகும். மிஷின் டேங்க்குக்குள்ளேயே நேராகக் கலக்கக் கூடாது. கேனில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கலந்த தேதியையும் விகிதத்தையும் எழுதுங்கள். டேங்க்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் கேனைக் குலுக்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகே நிரப்புங்கள்; நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

அன்றைய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கலப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். கலவை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல செயின் சா கையேடுகள் 10 சதவீதத்தைத்தான் எல்லை என்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி காலியான கேனுக்குள் இது நடந்துகொண்டே இருக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கில் பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான்! அது இழுப்பதில் ஆயிலே இருக்காது. போதாததற்கு, எத்தனால் ரப்பர் ஹோசையும் கார்புரேட்டர் டயாஃப்ரத்தையும் விறைக்கவோ உப்பவோ வைக்கும்.

கலக்காத ஆயிலை வைப்பது சுலபம். அதன் சொந்த டப்பாவிலேயே மூடியை இறுக்கி, வெயில் படாத அறையில் நிமிர்த்தி வையுங்கள். சித்திரை வெயிலில் காயும் தகரக் கொட்டகை வேண்டாம். பம்ப்செட் அறையின் ஈரச் சுவரோரமும் வேண்டாம். மூடியில் திறந்த தேதியை எழுதி, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஆயிலானாலும் கலவையானாலும் குடிதண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பது இதில் கேள்வியே இல்லை, பெரியவர்களும் இருட்டில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். கலவைக் கேனை அடுப்பு, சாமி விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

வேலை முடிந்து மிஷினை மாதக்கணக்கில் எடுத்துவைப்பதானால், டேங்க்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது காலியாகும்.

பழைய கலவை கேனில் இருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனிக்கோடாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ, கலங்கியிருந்தாலோ, பெயின்ட் கடை போல நாறினாலோ அது மிஷினுக்கு ஆகாது. வரப்பிலோ கிணற்றோரமோ கொட்டாமல், கழிவு ஆயில் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.