காய்ந்த இலைக்கு ஒரு கூண்டு

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். ரவாங்கில் பள்ளிக் கேண்டீன் கழிவை உரமாக்க முனைந்த ஆசிரியை ஒருவருக்குப் பத்தே நாளில் கிடைத்த பலன் அது. “டீச்சர், இதையா செடிக்குப் போடப்போறோம்?” என்று ஒரு மாணவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

வாளியில் விழுந்ததெல்லாம் ஈரம்: மிஞ்சிய சோறு, குழம்பு, நாசி லெமாக் சம்பல், தர்பூசணித் தோல். காற்றுப் புகாவிட்டால் அந்தக் கலவை மட்காது, நாறும். நுண்ணுயிர்களுக்கு 1 பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் காய்ந்த இலையில் தாராளம். அவருடைய பள்ளியிலோ பெருக்கிய இலையெல்லாம் கறுப்புப் பைகளில் குப்பை லாரி ஏறிக்கொண்டிருந்தது!

மலாயாப் பல்கலைக்கழகத்தின் உர மையத்தில் உணவகக் கழிவையும் வளாகத்துத் தழைகளையும் சேர்த்தே மட்கவைக்கிறார்கள். ஆசிரியையும் அதே வழிக்கு வந்தார். குழம்பை முதலில் சல்லடையில் வடித்தார். ஒரு வாளி கழிவுக்கு மூன்று வாளி இலை, கடைசி அடுக்கு எப்போதும் இலை. எலி வராமலிருக்க எலும்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஒதுக்கினார். வாரம் இருமுறை கிளறினார்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கைதான் கருவி. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும்; நீர் சொட்டினால் இன்னும் இலை போடவேண்டும். குவியலின் நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். 55 பாகை செல்சியஸைத் தாண்டிச் சில நாள் நின்றால் களை விதையும் கிருமியும் மடியும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தக்காகுரா கூடை பொருந்தும். ஜப்பானியரான கோஜி தக்காகுரா இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவாக்கிய முறை இது. அழுக்குத் துணி போடும் கூடை, உள்ளே அட்டை, உமி, தவிடு, நொதிக்கவைத்த கரைசல் போதும். நொதித்த தெம்பேயும் தப்பேயும் கிடைக்கும் ஊரில் கரைசலுக்குப் பஞ்சமில்லை.

உரமாகாத கழிவுக்கோ வேறு முடிவு. கோலாலம்பூர் குப்பை ரவாங்கைக் கடந்துதான் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே புதைந்த சோறு மீத்தேன் வாயுவாகிறது. அதில் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

மூன்றாம் மாதம் பள்ளிக் கத்தரிப் பாத்திக்கு முதல் உரம் விழுந்தது. கறுத்து, உதிரியாக, மழை நனைத்த மண் வாசனையோடு. பள்ளித் தோட்டக்காரர் இப்போது பை கட்டுவதில்லை. தகரக் கூரையின் கீழ் கம்பிவலைக் கூண்டில் இலையைக் கொட்டுகிறார். சாயங்கால மழைக்கு முன் கூண்டு நிரம்பியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவன், அன்று மூக்கைப் பொத்திய அதே மாணவன்.