பாடம் 7: புனர்வாழ்வு பெற்று வீடு வந்தவரின் உடலும் மனமும்

2009 மே மாதம் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். செல் துண்டின் நோவு நித்திரையைக் கெடுக்கும். நித்திரை கெட்டால் கோபம் கூடும். வேலைக்குப் போக மனம் வராது. ஆகவே காயத்துக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. முழு மனிதரையும் கவனிக்க வேண்டும்.

உடல்

• உடலில் செல் துண்டு இருந்தால் வைத்தியரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். காயம் உள்ள இடம், பட்ட காலம், இப்போதைய நோவு ஆகியவற்றைச் சொன்னால் சிகிச்சை தொடங்கலாம். முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை.

• எல்லாத் துண்டுகளையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீக்கம், சீழ், புதிய விறைப்பு கண்டால் தாமதிக்க வேண்டாம்.

• செயற்கைக் கால் அணிபவர் ஒவ்வொரு இரவும் அதைக் கழற்றி, மீதிக் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். புண் வந்தால் ஆறும்வரை அணிய வேண்டாம். உடல் மெலிந்தாலும் பருத்தாலும் கால் பொருந்தாது, சரிசெய்விக்க வேண்டும்.

மனம்

கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுதல், தனியே ஒதுங்குதல் ஆகியவை பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துவார்கள் என்றால் முன்பே சொல்லி வையுங்கள். நித்திரைக்காகக் குடித்தால் அது இடையில் கலையும். மறுநாள் பதற்றம் கூடும்.

சாக வேண்டும் என்று சொன்னால் அதை வெறும் பேச்சாக எடுக்காதீர்கள். தனியே விடாமல், பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். உளநல உதவிக்கு 1926, அவசர அம்புலன்ஸ் வண்டிக்கு 1990.

வாழ்வு

உடலுக்கேற்ற சிறு வேலையுடன் தொடங்கட்டும். கோழி வளர்ப்பு, தையல், வலை பின்னுதல் எதுவானாலும் அவரே தெரிவு செய்யட்டும். திரும்பி வந்த பெண்பிள்ளைகளை ஊர்ப்பேச்சு அதிகம் வருத்தும். வீட்டார் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். பெண் வைத்தியரிடம் காட்ட விரும்பினால் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

கலந்துரையாடுக

1. நம் வீட்டில் யாருக்கு நித்திரை குறைவு? எப்போதிருந்து?
2. அடுத்த கிளினிக் நாளில் அவருடன் யார் போவது?