அம்மா மாயவரத்திலேயே இருக்கட்டும்

"பெற்றவளைத் தனியே விட்டுவிட்டு இங்கே இருக்கிறாயே" என்ற பேச்சைக் கேளாத தில்லித் தமிழர் குறைவு. நாம் விட்டுவிடுவது வேறு, அவர்களே அங்கு இருக்க விரும்புவது வேறு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பார்த்தேன். (சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!) பராமரிப்பு என்று அது சொல்வது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை. பிள்ளையோடு ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டும் என்று எங்கும் இல்லை. மனுவைக்கூடப் பெற்றோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். அதாவது, இருவரும் வேறு வேறு ஊரில் இருக்கக்கூடும் என்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது.

என் தாயாருக்கு வயது 78. "அங்கே வந்தால் காய்கறிக்காரனிடம்கூட நீதானே எனக்காகப் பேசணும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இந்தி தெரியாமல் வந்த புதிதில் நாம் பட்டதை நினைத்தால் போதும்.

சம்மதித்த பிறகுதான் நமக்கு வேலை. மாற்றுச்சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. டாக்டரின் எண் பெரிய எழுத்தில் சுவரில். முதியோர் உதவி எண் 14567 அதன் கீழே. மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ் 2014 முதல் மின்னணு முறையிலும் உண்டு. இப்போது வீட்டிலிருந்தே கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் முடிந்தது.

இரவு பத்துக்கு மேல் தொலைபேசி அடித்தால் மட்டும் நெஞ்சு திக்கென்கிறது. அதை அம்மாவிடம் சொல்வதில்லை.